முப்பத்தொன்பது இலக்கப் பகா எண்

எண்களுள் சில எளிதில் பிரிபவை; சில எவ்வளவு முயன்றாலும் பிரியாதவை. 12 என்ற எண்ணை 3 × 4 என்றோ 2 × 6 என்றோ பிரித்து எழுதலாம். 13 என்ற எண்ணை அவ்வாறு பிரிக்க இயலாது. ஒன்றும் தானும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத இத்தகைய எண்களையே பகா எண்கள் என்று ஆறாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். 2, 3, 5, 7, 11, 13 என்று அவை தொடங்குகின்றன. அவற்றிற்கு முடிவே இல்லை என்பதை ஏறக்குறைய 2300 ஆண்டுகளுக்கு முன்பே யூக்ளிட் என்னும் கிரேக்க அறிஞர் நிறுவிவிட்டார்.

முடிவில்லை என்று தெரிந்தாலும், "இதோ ஒரு பெரிய எண், இது பகா எண்தானா?" என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று. அப்படிப்பட்ட ஒரு பெரிய எண்ணைப் பற்றியே இக்கட்டுரை. அந்த எண் இதுதான்:

170 141 183 460 469 231 731 687 303 715 884 105 727

எண்ணிப் பாருங்கள், மொத்தம் 39 இலக்கங்கள். சுருக்கமாக எழுதினால் 2¹²⁷ − 1. அதாவது, இரண்டை இரண்டால் பெருக்கி, மீண்டும் மீண்டும் இரண்டால் பெருக்கி, மொத்தம் 127 இரண்டுகளின் பெருக்கலை எடுத்து, அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது. 1876 முதல் 1951 வரை, 75 ஆண்டுகள், உலகம் அறிந்த பகா எண்களுள் மிகப் பெரியது என்ற சிறப்பு இதற்கு இருந்தது.

சதுரங்கப் பலகையில் தொடங்குவோம்

சதுரங்கம் கண்டுபிடித்த அறிஞர் அரசனிடம் பரிசு கேட்ட கதையை நீங்கள் அறிவீர்கள். முதல் கட்டத்தில் ஒரு தானிய மணி, இரண்டாம் கட்டத்தில் இரண்டு, மூன்றாவதில் நான்கு, இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டிப்பாக வைக்க வேண்டும். கட்டங்களில் உள்ள மணிகளை அவ்வப்போது கூட்டிக்கொண்டே போனால் 1, 3, 7, 15, 31, 63, 127 என்று வரும். இவை ஒவ்வொன்றும் இரண்டின் ஓர் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்தவை.

இந்த வரிசையில் 3, 7, 31, 127 ஆகியவை பகா எண்கள். 15, 63 ஆகியவை பகு எண்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. 63 என்பது 2⁶ − 1. ஆறு என்ற அடுக்கை 2-உம் 3-உம் வகுக்கும். ஆதலால் 2² − 1 ஆகிய 3-உம், 2³ − 1 ஆகிய 7-உம் 63-ஐ வகுத்துவிடுகின்றன. பொதுவாக, அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்ணாகவே இருக்கும். சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களின் மொத்தமாகிய 18446744073709551615-ஐப் பாருங்கள். 64 பகு எண். எனவே இம்மொத்தமும் பகு எண்ணே. அது ஐந்தில் முடிவதிலிருந்தே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அப்படியானால் அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண்ணாகிவிடுமா? 2, 3, 5, 7 வரை அப்படித்தான் நடக்கிறது. நான்கு முறை சரியாக வந்ததும் "ஆம், எப்போதும் அப்படித்தான்" என்று முடிவு கட்ட மனம் விரைகிறது. அடுத்த பகா எண் 11. 2¹¹ − 1 = 2047. இதுவோ 23 × 89! நான்கு எடுத்துக்காட்டுகள் ஒரு விதியாகிவிடா என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

துறவி தந்த பட்டியல்

பிரான்சு நாட்டில் மரேன் மெர்சென் (1588–1648) என்னும் துறவி ஒருவர் வாழ்ந்தார். பவுலா நகர்ப் புனித பிரான்சிஸ் நிறுவிய மினிம் சபையைச் சேர்ந்தவர். பாரிசு நகரத் துறவு மடத்தில் இருந்துகொண்டே டெக்கார்ட், பெர்மா, கலிலியோ முதலிய அக்கால அறிஞர்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அறிவியல் இதழ்கள் தோன்றாத காலம் அது. ஒருவர் கண்டதை மற்றவருக்குத் தெரிவிக்கும் பணியை அவருடைய கடிதங்களே செய்தன.

1644-இல் வெளியிட்ட நூலில் மெர்சென் ஒரு பட்டியலைத் தந்தார். 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே பகா எண்களைத் தரும் என்பது அவர் கூற்று. இதனாலேயே 2-இன் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த பகா எண்களுக்கு இன்றும் 'மெர்சென் பகா எண்கள்' என்று பெயர்.

இத்தனை பெரிய எண்களை அவர் எப்படிச் சோதித்தார்? எல்லாவற்றையும் அவர் சோதித்திருக்க இயலாது. 15 அல்லது 20 இலக்கமுள்ள ஓர் எண் பகா எண்ணா என்று சோதிக்கக் காலம் முழுவதும் போதாது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆகவே பட்டியலின் பிற்பகுதி ஒரு பெரியவரின் கணிப்பு. அது உண்மையா என்ற கேள்வி பின்வந்தோரிடம் விடப்பட்டது.

ஆய்லர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் 1772-இல் 31-ஆம் அடுக்கைச் சரிபார்த்தார். 2³¹ − 1 = 2147483647. இது பகா எண்தான் என்று நிறுவினார். இதிலிருந்து கிடைக்கும் ஒரு பெரிய எண்ணைப் பற்றி 1811-இல் எழுதிய பீட்டர் பார்லோ என்னும் ஆங்கிலேயர், இவ்வகையில் இதைவிடப் பெரியதை இனி எவரும் காணப் போவதில்லை, பயனற்ற இவ்வேலையில் யார் இறங்குவார்கள் என்ற கருத்தைத் தெரிவித்தார். அந்த ஆருடம் அந்த நூற்றாண்டிலேயே பொய்த்தது.

வகுத்துப் பார்த்தால் என்ன?

ஓர் எண் பகா எண்ணா என்று அறிய நமக்குத் தெரிந்த வழி வகுத்துப் பார்ப்பதே. அந்த எண்ணின் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தால் போதும். 101-ஐச் சோதிக்க 10 வரை பார்த்தால் போதும் அல்லவா? ஆனால் நம் 39 இலக்க எண்ணின் வர்க்கமூலம் 1,30,000 கோடி கோடிக்கும் மேற்பட்டது. விநாடிக்கு ஒரு வகுத்தல் என்று இரவு பகல் ஓயாது செய்தாலும் ஏறக்குறைய 41,000 கோடி ஆண்டுகள் ஆகும். இந்தப் பிரபஞ்சத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள்தாம்! அதைப்போல முப்பது மடங்கு காலம் வேண்டும்.

குறுக்குவழி ஒன்று உண்டு. 2¹¹ − 1 இன் காரணிகளாகிய 23, 89 இரண்டையும் கவனியுங்கள். 23 = 22 + 1; 89 = 22 × 4 + 1. இரண்டும் 22-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலானவை. 22 என்பது அடுக்காகிய 11-இன் இருமடங்கு. இது தற்செயல் அன்று; அடுக்கு 2-ஐத் தவிர்த்த எந்தப் பகா எண்ணாக இருந்தாலும் இவ்வாறே அமையும். எனவே நம் எண்ணுக்குக் காரணி இருந்தால், அது 254-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருந்தே தீர வேண்டும். மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. வேலை 254-இல் ஒரு பங்காகக் குறைகிறது. குறைந்தும் என்ன? இன்னும் 160 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

ஆகவே வேறு வழி ஒன்று தேவைப்பட்டது.

ஓர் ஆசிரியரின் வழி

அந்த வழியைக் கண்டவர் எட்வார்ட் லூக்காஸ் (1842–1891). பிரான்சு நாட்டில் உயர்நிலைப் பள்ளிகளில் கணிதம் கற்பித்த ஆசிரியர் இவர். மூன்று கம்பங்களில் வட்டுகளை இடம் மாற்றும் 'அனோய் கோபுரம்' என்ற விளையாட்டை 1883-இல் அறிமுகப்படுத்தியவரும் இவரே. மூன்று வட்டுகளை மாற்றக் குறைந்தது 7 நகர்த்தல்கள். ஏழு வட்டுகளுக்கு 127. அங்கும் அதே எண்கள்!

லூக்காஸ் கண்ட சோதனை வகுத்திகளைத் தேடுவதே இல்லை. அதை 1930-களில் அமெரிக்க அறிஞர் லேமர் எளிமையாக்கினார். அந்த எளிய வடிவம் வருமாறு:

நான்கில் தொடங்குங்கள். அதன் வர்க்கத்திலிருந்து 2-ஐக் கழியுங்கள். சோதிக்க வேண்டிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை மீண்டும் வர்க்கமாக்கி 2-ஐக் கழித்து வகுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இவ்வாறு செய்யுங்கள். கடைசியில் மீதி பூச்சியமானால் அது பகா எண். இல்லையேல் பகு எண்.

31-ஐச் சோதிப்போம். அடுக்கு 5, ஆதலால் மூன்று படிகள். 4 × 4 − 2 = 14. 14 × 14 − 2 = 194; 31-ஆல் வகுக்க மீதி 8. 8 × 8 − 2 = 62; 31-ஆல் வகுக்க மீதி 0. எனவே 31 பகா எண்.

127-க்கு அடுக்கு 7, ஐந்து படிகள். மீதிகள் 14, 67, 42, 111, 0 என்று வரும். 127-உம் பகா எண்ணே. 2047-க்கு ஒன்பது படிகள் செய்தால் இறுதியில் 1736 நிற்கும். பூச்சியம் இல்லை, ஆகவே அது பகு எண். தாளும் பென்சிலும் எடுத்துச் செய்து பாருங்கள். இது ஏன் சரியாகிறது என்பதை நிறுவக் கல்லூரிக் கணிதம் வேண்டும்; செய்து பார்க்கப் பெருக்கலும் வகுத்தலும் போதும்.

நம் 39 இலக்க எண்ணுக்கு 125 படிகள். ஒவ்வொரு படியிலும் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது இலக்க எண்களைப் பெருக்கி வகுக்க வேண்டும். கடினமான வேலைதான், ஆனால் மனித ஆயுளுக்குள் அடங்கும் வேலை. 1876-இல் லூக்காஸ் தம் சோதனையைக் கொண்டு 2¹²⁷ − 1 பகா எண் என்று அறிவித்தார். 160 கோடி ஆண்டு வேலையைத் தனி மனிதர் ஒருவர், கணிப்பொறி இன்றி முடித்துவிட்டார்.

பட்டியலில் இருந்த பொய்

அதே 1876-இல் லூக்காஸ் மற்றோர் உண்மையையும் கண்டார். மெர்சென் பட்டியலில் இருந்த 67-ஆம் அடுக்கு தவறு. 2⁶⁷ − 1 = 147573952589676412927. இது பகு எண். ஆனால் எவற்றின் பெருக்கல் என்று அவரால் கூற முடியவில்லை. அவருடைய சோதனை 'இது பிரியும்' என்று மட்டும் சொல்லும்; எப்படிப் பிரியும் என்று சொல்லாது.

அதைக் கண்டவர் அமெரிக்கப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த கணிதச் சங்கக் கூட்டத்தில் அவர் இதனை அளித்தார். அவர் பேசாமல் கரும்பலகைக்குச் சென்று ஒரு பக்கத்தில் 2⁶⁷ − 1 ஐக் கணக்கிட்டார், மறுபக்கத்தில்

193707721 × 761838257287

என்று எழுதிப் பெருக்கினார், இரண்டு விடைகளும் ஒன்றாயிருக்க, ஒரு சொல்லும் கூறாமல் இருக்கைக்குத் திரும்பினார், அவை கைதட்டியது என்று ஒரு கதை வழங்குகிறது. மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயின என்று அவர் பின்னர் சொன்னதாகவும் கூறுவர். கதை எவ்வாறாயினும் பெருக்கல் உண்மை, நீங்களே சரிபார்க்கலாம். முதற்காரணியாகிய 193707721-இல் ஒன்றைக் கழித்து 134-ஆல், அதாவது 67-இன் இருமடங்கால், வகுத்துப் பாருங்கள். மீதியின்றி 1445580 வரும். முன்பு சொன்ன விதி இங்கும் தவறவில்லை.

பட்டியலின் மற்றத் தவறுகளும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. பட்டியலில் இல்லாத 61-ஆம் அடுக்கு பகா எண் தருவதை 1883-இல் பெர்வூஷின் என்னும் ருசிய நாட்டு ஆர்த்தடாக்ஸ் குருவானவர் காட்டினார். 89, 107 ஆகிய அடுக்குகளையும் பவர்ஸ் என்னும் அமெரிக்கர் 1911-இலும் 1914-இலும் சேர்த்தார். 257 பகு எண்ணையே தருகிறது என்பதும் தெளிவாயிற்று. ஆக, மெர்சென் பட்டியலில் ஐந்து பிழைகள்: தகாதன இரண்டு நுழைந்திருந்தன, தக்கன மூன்று விடுபட்டிருந்தன. முழுவதையும் சரிபார்த்து முடிக்க 1947 ஆயிற்று, மூன்று நூற்றாண்டுகள்!

இங்கே சற்று நின்று எண்ணுவோம். 2⁶⁷ − 1, 2¹²⁷ − 1 ஆகிய இரண்டும் ஒரே நூலில், ஒரே வரியில், ஒரே பெரியவரால் சொல்லப்பட்டவை. இரண்டும் 7 என்ற இலக்கத்தில் முடிபவை. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இவற்றுள் ஒன்று உண்மை, மற்றொன்று பொய். சொன்னவரின் பெருமையால் 67 பகா எண் தருவதாகிவிடவில்லை; அவர் பிழைபட்டதால் 127 பொய்யாகிவிடவும் இல்லை. சோதனை ஒன்றே இரண்டையும் பிரித்துக் காட்டியது. மெர்சென் அடிகளின் பெயர் இன்றும் போற்றப்படுவதற்கு அவருடைய பட்டியல் சரியாயிருந்தது காரணமன்று. இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர்களை உழைக்க வைத்த கேள்வியை அவர் எழுப்பியதே காரணம்.

இந்த எண்ணின் அழகுகள்

கணிப்பொறிகள் 0, 1 என்ற இரண்டு இலக்கங்களாலேயே எண்களை எழுதுகின்றன. அம்முறையில் 3 என்பது 11. 7 என்பது 111. 31 என்பது 11111. நம் எண்ணை அவ்வாறு எழுதினால், இடையில் ஒரு பூச்சியமும் இன்றி 127 ஒன்றுகள் அணிவகுத்து நிற்கும்.

இரண்டாவது அழகு நிறைவெண். 6-ஐ மீதியின்றி வகுக்கும், அதைவிடச் சிறிய எண்கள் 1, 2, 3. அவற்றின் கூடுதல் 6. அவ்வாறே 28 = 1 + 2 + 4 + 7 + 14. இவை நிறைவெண்கள் எனப்படும். கடவுள் உலகைப் படைக்க ஆறு நாள் கொண்டதற்கும் ஆறு என்பது நிறைவெண்ணாக இருப்பதற்கும் உள்ள தொடர்பைப் புனித அகுஸ்தீனார் தம் 'கடவுளின் நகரம்' என்ற நூலில் எடுத்துரைத்துள்ளார். இப்போது பாருங்கள்: 6 = 2 × 3; 28 = 4 × 7; 496 = 16 × 31; 8128 = 64 × 127. ஒவ்வொன்றிலும் ஒரு மெர்சென் பகா எண் ஒளிந்திருக்கிறது! ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்பது யூக்ளிட் நிறுவியது. நம் எண்ணை 2¹²⁶ ஆல் பெருக்கினால் 77 இலக்கமுள்ள நிறைவெண் கிடைக்கும்.

மூன்றாவது அழகு ஒரு சங்கிலி. 2-ஐ அடுக்காகக் கொண்டால் 2² − 1 = 3. மூன்றை அடுக்காக்கினால் 7. ஏழை அடுக்காக்கினால் 127. நூற்று இருபத்தேழை அடுக்காக்கினால் நம் 39 இலக்க எண். நான்கு முறையும் பகா எண்ணே வந்தது! ஐந்தாம் முறை, நம் எண்ணையே அடுக்காகக் கொண்டால்? அந்த எண்ணில் எத்தனை இலக்கங்கள் என்பதை எழுதவே 38 இலக்கங்கள் வேண்டும். அதை எழுதிப் பார்க்க உலகில் தாள் இல்லை. அது பகா எண்ணா என்று எவரும் அறியார். நான்கு முறை சரியானதைக் கொண்டு ஐந்தாவதும் சரி என்று சொல்லலாகாது என்பதைத்தான் 2047 நமக்குக் கற்றுத் தந்துவிட்டதே!

பின் நடந்தவை

1951-இல் கணிப்பொறி இந்தத் துறையில் புகுந்தது. அவ்வாண்டு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் கணிப்பொறியைக் கொண்டு மில்லர், வீலர் ஆகியோர் 79 இலக்கப் பகா எண் ஒன்றைக் கண்டனர். அதை எவ்வாறு அமைத்தார்கள் தெரியுமா? லூக்காசின் எண்ணை வர்க்கமாக்கி, 180-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டினார்கள். பழைய சாதனையின் தோள்மீது ஏறியே புதியது எழுந்தது.

1978-இல் கலிபோர்னியாவில் பதினெட்டு வயது நிரம்பிய இரு மாணாக்கர் 2²¹⁷⁰¹ − 1 பகா எண் என்று கண்டு உலகை வியக்க வைத்தனர். 6,533 இலக்கங்கள் கொண்ட அந்த எண், அன்று அறியப்பட்ட பகா எண்களுள் மிகப் பெரியது. அவ்விருவருள் ஒருவர் லாரா நிக்கல் என்னும் பெண். மற்றவர் லாண்டன் கர்ட் நோல். பெண்களுக்குக் கணிதம் வராது என்று இன்னும் யாராவது சொன்னால், மாணவியரே, இந்தப் பெயரை அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்கள் கையாண்டதும் லூக்காசின் சோதனையே.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்பது 52-ஆவதாகக் கண்டறியப்பட்ட மெர்சென் பகா எண். அதில் 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன. பக்கத்திற்கு 2,000 இலக்கங்கள் வீதம் அச்சிட்டால் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் வேண்டும்.

இவற்றால் பயன் என்ன என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். பெரிய பகா எண்கள் இரண்டைப் பெருக்குவது எளிது. பெருக்கிய விடையை மட்டும் தந்து அவ்விரண்டையும் கண்டுபிடிக்கச் சொன்னால் மிகக் கடினம். கோல் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 1977-இல் மூன்று அறிஞர்கள் இக்கடினத்தையே பூட்டாக்கி, செய்திகளை மறைத்து அனுப்பும் முறையை வகுத்தனர். வங்கிக் கணக்குகளும் தொலைதொடர்புகளும் இவ்வகைப் பூட்டுகளால் காக்கப்பட்டு வந்துள்ளன. பயனற்ற வேலை என்று பார்லோ எண்ணியதிலிருந்து விளைந்த பயன் இது. ஆயினும் லூக்காஸ் உழைத்தது இப்பயனுக்காக அன்று. ஒன்று உண்மையா பொய்யா என்று அறியவே உழைத்தார்.

நீங்களும் அவ்வாறே ஓர் எண்ணைச் சோதித்துப் பாருங்கள். 2¹³ − 1 = 8191. இது பகா எண் என்று மெர்சென் சொன்னார். அவர் சொன்னார் என்பதற்காக நம்ப வேண்டாம். நான் எழுதினேன் என்பதற்காகவும் வேண்டாம். நான்கில் தொடங்குங்கள், பதினொரு படிகள்தாம். விடுமுறையில் ஒரு மாலைப் பொழுது போதும். கடைசி மீதி என்ன வருகிறது என்று நீங்களே பாருங்கள்.